நீரறிந்தோர் சொல்

நுழையும்முன்

விடுமுறை என்றதும் மனம் நீரை நாடுகிறது. கடலோ, ஏரியோ, ஆறோ, நீரின்மீது செல்லும் பயணம் எல்லா வயதினரையும் ஈர்க்கிறது. அப்பயணத்தில் பயணி எதை எதிர்பார்க்கிறார்? நீரையே வாழ்வாகக் கொண்டோர் அவரிடம் எதை எதிர்பார்க்கின்றனர்? பெருங்கப்பலையும் பழவேற்காட்டுச் சிறுபடகையும் அருகருகே வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நீர்மேல் செல்லும் கலங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. புணை, அம்பி, திமில், தோணி, ஓடம் முதலியன சிறு கலங்களைக் குறித்தன. நாவாய், வங்கம் ஆகியன கடல் கடந்து செல்லும் பெருங்கலங்களைக் குறித்தன. கலத்தைச் செலுத்துபவன் மீகாமன் எனப்பட்டான். இக்கலங்களைக் கொண்டு மக்கள் மீன் பிடித்தனர், பொருள் ஏற்றிச் சென்றனர், ஆறு கடந்தனர். தொழிலோ தேவையோ இன்றி, மகிழ்ச்சிக்காக மட்டுமே மக்கள் பெருந்திரளாகக் கலம் ஏறுவது அண்மைக் காலத்தில் வளர்ந்த வழக்கமாகும்.

மிதக்கும் நகரம்

2022 ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கி வைக்கப்பட்டது. ஆழ்கடலுக்குச் சென்று திரும்பும் பயணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய ஊர்களைத் தொட்டுவரும் பயணமும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. அதுவரை திரைப்படங்களில் மட்டுமே கண்ட கப்பல் விடுமுறை, தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாக ஆயிற்று.

இத்தகைய கப்பலில் ஏறும் பயணி எதிர்பார்ப்பவை பல: வசதியான அறை, வேளைதோறும் விருந்து, நீச்சல்குளம், ஆடலும் பாடலும் நிகழும் அரங்கு, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீலக்கடல். 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலில் 20 தளங்கள் உள்ளன. 7000க்கும் மேற்பட்ட பயணிகள் அதில் தங்கலாம். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையே நீரில் மிதக்கிறது எனலாம்.

பெருங்கப்பலின் அடிப்பகுதியில் இருபுறமும் நீண்டிருக்கும் துடுப்பு போன்ற அமைப்புகள் அலையின் ஆட்டத்தைத் தணிக்கின்றன. பல தளங்களுக்குமேல் நிற்கும் பயணிக்கு அலை ஓர் ஓவியம்போலத் தோன்றுகிறது. தாம் நிற்பது நீரின்மேல் என்பதையே அவர் மறந்துபோகிறார். அந்த மறதியை அளிப்பதே கப்பல் விடுமுறையின் வெற்றி. அதன் ஆபத்தும் அதுவே.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் செல்லும் கப்பல், பழவேற்காட்டுக் கரைக்கு அப்பாலுள்ள கடலைக் கடந்தே செல்லவேண்டும். கப்பலின் மேல்தளத்தில் நிற்போருக்கு அக்கரை ஒரு மெல்லிய கோடு. அக்கோட்டிற்குப் பின்னே வேறொரு நீருலகம் விரிந்துகிடக்கிறது.

ஏரியும் ஊரும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அரணாக நிற்கிறது. ஆரணி ஆறு முதலியன நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் புகுகிறது. இரு நீரும் கலக்குமிடத்தில் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. அவற்றை நம்பிக் குப்பங்கள் வாழ்கின்றன.

அயல்நாட்டுக் கப்பல்களையும் அறிந்த ஊர் இது. டச்சுக்காரர்கள் 1613 ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூர் நெடுங்காலம் விளங்கியது. கோட்டை அழிந்துவிட்டது, வணிகரும் மாலுமிகளும் துயிலும் கல்லறைகள் எஞ்சியுள்ளன.

ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது. பல இடங்களில் நீண்ட கழியைத் தரையில் ஊன்றியே படகைத் தள்ளிச் செல்லலாம். ஆனால், முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நீரின் இயல்பு மாறுகிறது. ஓதம் ஏறும்போது கடல் உள்ளே பாய்கிறது. இறங்கும்போது ஏரி கடலை நோக்கி இழுக்கிறது. மணல்திட்டுகள் இடம் மாறுகின்றன. சென்ற மாதம் படகு சென்ற வழியில் இந்த மாதம் செல்ல முடியாமற்போகலாம். இம்மாற்றங்களை நாள்தோறும் நீரில் இறங்குவோரே நன்கு அறிவர்.

பாடு என்னும் முறை

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் மரபு வழங்கிவருகிறது. ஏரியில் மீன்வளம் மிக்க இடங்கள் சில. குறைந்த இடங்கள் பல. வலியவர் நல்ல இடத்தையே நாள்தோறும் கைப்பற்றிக்கொண்டால் மற்றவர் பட்டினி கிடக்க நேரும். எனவே எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலைகட்டுவது என்பதைக் குப்பத்தார் கூடிக் குலுக்கல் முறையில் முடிவு செய்கின்றனர். இடங்கள் முறைவைத்துக் கைமாறுகின்றன. கிடைத்த இடத்தை ஏற்பதும், பிறர் முறையில் குறுக்கிடாமையும் இதன் அறங்களாகும்.

தனக்கு வேண்டியதை எல்லாம் நீரிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்பது இம்முறையின் அடிப்படை. வரம்பு இருந்தால்தான் நாளையும் வலை வீச முடியும். விடுமுறைப் பயணிக்கும் இவ்வேரி கற்றுத்தருவது இதனையே.

‘இன்னும் சற்று அருகே’

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் திரளாக வருகின்றன. கூழைக்கடாக்களும் பலவகை நாரைகளும் உடன் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து சுற்றுலாப் பயணிகளும் வருகின்றனர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் விண்ணில் பாயும் நாள்களில் அதைக் காணவும் மக்கள் இக்கரையில் கூடுகின்றனர். பயணிக்கு அது கொண்டாட்ட நாள். மீனவருக்கோ, பாதுகாப்புக் கருதிக் கடலுக்குள் செல்லக் கூடாத நாள்.

விடுமுறைக் காலையில் கரைக்கு வரும் குடும்பத்தின் எதிர்பார்ப்புகள் கப்பல் பயணியின் எதிர்பார்ப்புகளைவிட எளியவை. பறவைகளை நன்கு காணவேண்டும், நிழற்படம் எடுக்கவேண்டும், ஏரி கடலோடு கலக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும், உறவினர் அனைவரும் ஒரே படகில் செல்லவேண்டும். இவற்றுள் எதுவும் தவறான விருப்பமன்று. ஆனால், இவை ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் வந்து முடிகின்றன: ‘இன்னும் சற்று அருகே போகலாமே, அண்ணா!’

அருகே செல்லும்போது பறவைகள் எழுந்து பறக்கின்றன. அக்காட்சி அழகாகத் தோன்றலாம். பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடிகட்டி, நுண்ணிய உணவைத் திரட்டும் பறவை. வயிறு நிறைய அதற்கு நீண்ட நேரம் தேவை. நீரில் சற்றுத் தொலைவு ஓடிய பின்னரே அதனால் மேலெழ முடியும். படகுதோறும் அஞ்சிப் பறந்தால், உண்டதன் ஆற்றல் பறப்பதிலேயே தீர்ந்துபோகும். நாடி வந்தவரின் ஆர்வமே பறவையை விரட்டிவிடுகிறது.

19 நாள்களில் இரு துயரங்கள்

அருகே செல்லும் விருப்பமும் அளவு மறக்கும் ஆர்வமும் பறவைகளுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் கேடு விளைவிக்கின்றன. 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறித்துமசு விடுமுறையைக் கொண்டாடப் பழவேற்காட்டில் படகேறிச் சென்றவர்களுள் 22 பேர் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். மீன்பிடித்துத் திரும்பும் படகுகளை எதிர்நோக்கும் கரை, அன்று உடல்களை எதிர்நோக்கிக் காத்திருந்தது. அதன்பின் அங்கு உல்லாசப் படகுப் பயணத்திற்குத் தடை விதிக்கப்பட்டது.

அதற்கு 19 நாள்களுக்குப் பின், 2012 ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று, இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 4000க்கும் மேற்பட்டோர் சென்ற அக்கப்பலில் 32 பேர் உயிரிழந்தனர். தீவுக்கு மிக அருகே செல்வதற்காகக் கப்பல் தன் வழியிலிருந்து விலக்கிச் செலுத்தப்பட்டதே அதற்குக் காரணம். அன்று கடைசித் துறைமுகத்தில் ஏறிய பயணியர் நூற்றுக்கணக்கானோருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அதுவரை அளிக்கப்படவில்லை.

கேரளத்தின் தேக்கடியில் 2009 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். படகின் வடிவமைப்புக் குறைகளோடு, விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணமாகக் கூறப்பட்டது.

ஒரு படகு நிமிர்ந்து நிற்பது அதன் எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும்வரைதான். பயணி எழுந்து நின்றால் எடையின் மையம் மேலே ஏறுகிறது. பலர் ஒரு பக்கம் சாய்ந்தால் அது ஓரத்திற்கு நகர்கிறது. ஆள் கூடக் கூடப் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. அந்நிலையில் ஓர் அலையே போதும். ‘உட்காருங்கள்’ என்று படகோட்டி கூறும் ஒற்றைச் சொல்லில் இவ்வறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1912 ஆம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கி 1500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கப்பலில் இருந்த அனைவருக்கும் போதிய உயிர்காப்புப் படகுகள் அதில் இல்லை. இதன் விளைவாக 1914 ஆம் ஆண்டில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. முன்பு, பயணிகள் ஏறிய 24 மணிநேரத்திற்குள் பாதுகாப்புப் பயிற்சி அளித்தால் போதும் என்றிருந்தது. கோஸ்டா கான்கார்டியா விபத்திற்குப் பின், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அளிக்கவேண்டும் என 2015 முதல் மாற்றப்பட்டது. இந்தியாவில் 1917 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2021 இல் இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், கலங்களின் பதிவு, தகுதிச் சான்று, உயிர்காப்புக் கருவிகள் ஆகியவற்றை வலியுறுத்துகிறது.

மறுக்கும் உரிமை

விபத்து நேர்ந்தால் படகோட்டியை மட்டும் குறைகூறுவது எளிது. அவரது நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வலை வெறுமையாகத் திரும்பும் நாளில், விடுமுறைக் கூட்டமே அவர் வீட்டு அடுப்பை எரியச் செய்கிறது. ‘இன்னும் இருவரை ஏற்றிக்கொள்ளுங்கள், கூடுதலாகத் தருகிறோம்’ என்று பயணி கேட்கும்போது, மறுத்தால் அவர் வேறு படகை நாடிச் சென்றுவிடுவாரோ என்னும் அச்சம் எழுகிறது. நீரைப்பற்றிய அறிவு அவரிடம் இருக்கிறது; அவ்வறிவின்படி மறுத்துச் சொல்லும் வலிமையை வறுமை பறித்துவிடுகிறது.

தடை மட்டுமே இதற்கு முழுத்தீர்வு ஆகாது. தடைக்கு அஞ்சி மறைவாக நடக்கும் பயணத்தில், பயணியரை எண்ணுவாரும் இல்லை; உயிர்காப்பு உடை தருவாரும் இல்லை. படகின் தகுதியைச் சோதித்தல், ஏற்றத்தக்க ஆள்கணக்கைப் படகிலேயே எழுதிவைத்தல், அனைவருக்கும் உயிர்காப்பு உடை அளித்தல், வானிலை பொருந்தாத நாளில் பயணத்தை நிறுத்துதல் ஆகியன முறையான ஏற்பாட்டின் கூறுகள். மீன்பிடி இடங்களைப் பாடு முறையில் பங்கிட்டது போலவே படகுப் பயணத்தையும் முறைவைத்துப் பங்கிட்டால், பயணிக்காகப் போட்டியிடும் தேவை எழாது. அப்போது ‘இன்று வேண்டாம்’ என ஒரு படகோட்டியால் துணிந்து கூறமுடியும்.

கரையிலும் காண்பதற்கு நிரம்ப உண்டு. கல்லறைகளின் கற்செதுக்கல்களும், பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும், மாலையில் கரை திரும்பும் படகுகளும் பயணியை ஏமாற்றுவதில்லை. கரையில் வாங்கும் கூடையும் உண்ணும் உணவும் ஊராருக்கு வருவாய் ஆகின்றன. பறவைகளைத் தொலைநோக்கியால் காண்போர், அவை அமைதியாக உண்பதையும் தமக்குள் பூசலிடுவதையும் காண்கின்றனர். விரட்டிப் பார்ப்போருக்கு அக்காட்சி கிட்டுவதில்லை.

பெருங்கப்பலில் ஏறியவுடன் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைச் சிலர் விடுமுறைக்கு இடையூறாகக் கருதுகின்றனர். சிறுபடகில் தரப்படும் உயிர்காப்பு உடையைச் சிலர் நிழற்படத்தின் அழகைக் கெடுப்பதாக எண்ணிக் கழற்றிவைக்கின்றனர். முன்னர் உயிரிழந்தோரின் துயரம் நமக்கு விட்டுச்சென்ற பாதுகாப்பு அவை. படகில் கால்வைக்குமுன் ‘இதில் எத்தனை பேர் செல்லலாம்? இன்று நீர் எப்படி இருக்கிறது?’ என இரண்டு வினாக்களைப் படகோட்டியிடம் கேட்பது பயணியின் கடமை. ‘இதற்குமேல் வேண்டாம்’ என்று அவர் கூறுமிடத்தில் படகைத் திருப்பச் சம்மதிப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே. படகு திரும்பும், பூநாரைகள் தம் இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும், ஏறிய அனைவரும் கரை இறங்குவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலையை நன்கறிந்த முதியவர் ஒருவரைக் கண்டு, அந்நீரின் இயல்புபற்றி அவர் கூறுவனவற்றைத் தொகுத்து எழுதுக.
2. படகுப் பயணிகளுக்கான ஐந்து அறிவுரைகளைக் கொண்ட அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.

குறுவினா
1. ‘பாடு’ முறையின் அடிப்படை யாது?
2. பூநாரைகளின் அருகே படகு செல்வதால் விளையும் தீங்கு யாது?

சிறுவினா
1. படகு கவிழ்வதற்கான காரணங்களை அறிவியல் நோக்கில் விளக்குக.
2. ‘தடை மட்டுமே முழுத்தீர்வு ஆகாது’ – இக்கூற்றை ஆராய்க.

நெடுவினா
1. பெருங்கப்பல் பயணியின் எதிர்பார்ப்பையும் சிறுபடகுப் பயணியின் எதிர்பார்ப்பையும் ஒப்பிட்டு, நீரறிந்தோர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டியதன் தேவையைக் கட்டுரையாக்குக.