முதலில் 108, அப்புறம் முதலாளி

பட்டறையிலோ கட்டடம் எழும்பும் இடத்திலோ ஒருவர் அடிபட்டு விழுந்ததும் நடப்பது பெரும்பாலும் இதுதான். பத்துப் பேர் சுற்றிக் கூடுவார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவருவார், ஒருவர் அட்டையை எடுத்து விசிறுவார். சூப்பர்வைசர் மேனேஜருக்கு போன் போடுவார். மேனேஜர் எடுக்க மாட்டார். எடுத்தாலும், "இரு, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். இதற்குள் யாரோ குட்டியானையைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தியிருப்பார். தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் பிடித்துத் தூக்கி, தகரத்தின்மேல் கிடத்தி, ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓட்டுவார்கள்.

அங்கே இருந்த யாருக்கும் அக்கறைக்குக் குறைவில்லை. யார் முடிவெடுப்பது, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதை யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. புதிதாக ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆனவர், சைட் சூப்பர்வைசர், சிறிய யூனிட்டில் எச்.ஆர். வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் பதவியோடு சேர்ந்து வந்த பொறுப்புகளில் மிகப் பெரியது இதுதான்.

முதலில், யார் முடிவெடுப்பது? அடிபட்டவருக்கு மிக அருகில் நிற்பவர். அவர் ஹெல்ப்பராக இருக்கலாம், நேற்று சேர்ந்த பையனாகக்கூட இருக்கலாம். 108-ஐ அழைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது, போன் அழைப்புக்கும் காசில்லை. "எங்களைக் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே" என்று எந்த நிறுவனத்திலாவது வாய்மொழி விதி இருந்தால், அதை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து, எதைப் பார்த்து முடிவெடுப்பது? கூட்டம் காயத்தைப் பார்க்கும். நீங்கள் ஆளைப் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூச்சு சீராக இருக்கிறதா, திணறுகிறதா? முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறதா? ரத்தம் பீய்ச்சி அடிக்கிறதா, அல்லது சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காமல் வழிகிறதா? இவற்றில் ஒன்றில் சிக்கல் இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், 108.

இத்தனையும் சரியாகத் தெரிந்தாலும், அடி எப்படிப் பட்டது என்று கேளுங்கள். அனுபவசாலிகளும் தவறவிடும் இடம் இது. சாரத்திலிருந்து விழுந்தவர் தானே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லண்ணே" என்பார். ஆனால் விழுந்த உயரம் மூன்றடியைத் தாண்டினாலே, அல்லது ஐந்து படிகளில் உருண்டிருந்தாலே, கழுத்தெலும்பில் அடி இருக்கக்கூடும் என்றுதான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கழுத்திலோ முதுகிலோ வலி, கைகால் மரத்துப்போதல், விரலை அசைக்க முடியாமை என்று ஒன்று சொன்னாலும் அவரை எழுப்பக் கூடாது. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துக்கொண்டு அழையுங்கள். எலும்பு முறிந்த முதுகோடு கிடப்பவருக்குத் தண்டுவடம் தப்பியிருக்கலாம். அவரைக் கைகால் பிடித்துத் தூக்கும் அந்த ஒரு நொடியில் அதுவும் போய்விடலாம். குட்டியானை வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தலையில் பட்ட அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து ஸ்பேனரோ செங்கல்லோ விழுந்து, ஒரு நிமிடம் மயங்கி, பிறகு தெளிந்து டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், ரத்தம் மெல்ல மெல்லத்தான் சேரும். அதுவரை ஆள் நன்றாகவே பேசுவார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி கூடும், வாந்தி வரும், பேச்சு குழறும், தூக்கம் தூக்கமாக வரும், பிறகு எழுப்ப முடியாது. அதனால் அடிபட்டு ஒரு கணம் நினைவு தப்பியிருந்தாலும், என்ன நடந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை என்றாலும், காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ கசிந்தாலும், ஒருமுறைக்கு மேல் வாந்தி எடுத்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அடி லேசானதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகும், முதல் 24 மணி நேரம் அவரோடு ஒருவர் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து கம்பெனி அறையில் தங்கியிருக்கும் பையன் என்றால், இரவு அவரைத் தனியே படுக்க விடாதீர்கள். அதற்கு ஆள் ஏற்பாடு செய்வதும் இன்சார்ஜின் வேலைதான்.

மின்சாரம் இன்னொரு ஏமாற்றுக்காரன். உள்ளங்கையில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி, பாதத்தில் இன்னொன்று. வெளியே அவ்வளவுதான் தெரியும். நடுவில் ஓடிய மின்சாரம் தசையை உள்ளுக்குள் வேகவைத்திருக்கும், இதயத்துடிப்பின் தாளத்தைக் குலைத்திருக்கும். மெயினை அணைத்த பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். நினைவு தப்பியது, நெஞ்சுவலி, படபடப்பு, தோல் கருகியது, ஷாக் அடித்துக் கீழே விழுந்தது, உயர் அழுத்தக் கம்பி ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் 108-தான்.

நெஞ்சிலோ வயிற்றிலோ பலத்த அடி, இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியது, தொடை எலும்பு முறிவு, முகத்திலோ மூச்சுப் பாதையிலோ தீப்புண், உடம்பில் குத்தி நிற்கும் கம்பி ஆகியவற்றுக்கும் அதே பதில்தான். குத்திய கம்பியைப் பிடுங்காதீர்கள். ரத்தக்குழாயை அதுதான் அடைத்து வைத்திருக்கக்கூடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள், யாரையும் இறங்கவும் விடாதீர்கள். விஷவாயு காப்பாற்றப் போனவரையும் சேர்த்தே கொல்கிறது. 108-ஐயும் தீயணைப்புத் துறையின் 101-ஐயும் அழையுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஆம்புலன்ஸா? கிடையாது. தையல் போட வேண்டிய வெட்டு, விரல் எலும்பு முறிவு, கணுக்கால் சுளுக்கு, கையில் சிறிய தீப்புண் என்றால் ஆட்டோவோ கம்பெனி காரோ போதும். ஆள் தெளிவாக இருக்க வேண்டும், உட்கார்ந்துவர முடிய வேண்டும், ரத்தம் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் வேறொருவருக்கு மிச்சமாகிறது. ஆனால் அவரைத் தானே பைக் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள், கூட ஒருவரை அனுப்புங்கள். வழியில் மயக்கம் வந்தால் அது இரண்டாவது விபத்து.

ஆம்புலன்ஸ் தேவைப்படாவிட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாத காயங்கள் சில உண்டு. ஹைட்ராலிக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதை விரலால் தடவிப் பார்த்தவரின் விரல் நுனியில் ஒரு சின்னப் பொட்டு. வலிகூட அதிகம் இருக்காது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்த் தசைநார் வழியாகப் பரவியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். கிரீஸ் கன்னுக்கும் பெயின்ட் ஸ்பிரேக்கும் இதே கதைதான். திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒன்று: கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்தால், குறைந்தது இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே வண்டி ஏற்றுங்கள். ஆசிட்டைவிட ஆழமாக உள்ளே இறங்கக்கூடியது அது.

பவர் பிரஸ்ஸில் விரல் துண்டானால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். கையைத் துணியால் அழுத்திக் கட்டி, நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் துண்டான விரலைத் தேடி எடுக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும். இப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டுபோனால் பல மணி நேரம் கழித்தும் ஒட்டவைக்க வாய்ப்பிருக்கிறது. நசுங்கிவிட்டது, இனி பயன்படாது என்று நீங்களாகவே முடிவு செய்து எறிந்துவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, கோவையிலும் இதில் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் எங்கே இந்த வசதி இருக்கிறது என்பதை விபத்துக்கு முன்பே விசாரித்து எழுதி வையுங்கள்.

இனி, போனில் எப்படிப் பேசுவது? பதற்றத்தில் பலர், "சீக்கிரம் வாங்க சார்" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு முதலில் தேவை இடம், பிறகுதான் மற்றவை.

"அம்பத்தூர் தொழிற்பேட்டைங்க. தண்ணி டேங்க்கைத் தாண்டி வலது பக்கம், நீலக் கலர் கேட். ஆள் பத்தடி உயரத்துல இருந்து விழுந்துட்டார். ஒருத்தர்தான். நாற்பது வயசு இருக்கும். நினைவு இருக்கு, மூச்சு விடுறார், கால் மரத்துப்போச்சுங்கிறார். கேட்ல ஆள் நிப்பாட்டுறேன், இதே நம்பர்ல கூப்பிடுங்க."

இவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகாது. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். அதிக நேரம் ஆகும் என்றால், காத்திருப்பதா, கிளம்பி வருவதா என்று அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள். பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவருக்கு மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம், ஐந்து செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாமல், ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் சோடா, டீ, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்குப் புரையேறும், அறுவை சிகிச்சைக்கும் அது இடைஞ்சல். வெட்டுக்காயத்தில் காபிப் பொடி, தீப்புண்ணில் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீரே மருந்து. ஒருவர் கேட்டில் நிற்கட்டும், ஒருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும், வழியில் நிற்கும் டிராலியையும் ஃபோர்க்லிஃப்டையும் ஒதுக்கட்டும். வந்த ஆம்புலன்ஸை நிறுத்தி, விசிட்டர் நோட்டில் கையெழுத்துக் கேட்கும் வாட்ச்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

"108 வந்தா போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்ற பயம் பல முதலாளிகளைத் தடுக்கிறது. வேலையிடத்துக் காயத்தோடு எந்த வண்டியில் போனாலும் மருத்துவமனை அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக்கூடும். ஆம்புலன்ஸைத் தவிர்ப்பதால் அது மாறாது. போலீஸ் நடைமுறைக்காக நோயாளியைக் காக்க வைக்கக் கூடாது, அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கம், விபத்தை மறைப்பதால் தொழிலாளிக்குத்தான் நஷ்டம். இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் வேலையில் அடிபட்டால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை உண்டு. எத்தனை மாதம் சந்தா கட்டினார் என்ற கேள்வி இதற்குக் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். எதற்கும் ஆதாரம் விபத்துப் பதிவேடு. ஆகவே ஆளை வண்டி ஏற்றிய கையோடு நேரம், இடம், எப்படி நடந்தது, யார் பார்த்தது ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள்.

நாளை ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு அட்டையில் 108 என்று பெரிதாக எழுதுங்கள். கீழே உங்கள் யூனிட்டின் முழு முகவரி, அடையாளத்துக்கு அருகில் இருக்கும் கடை அல்லது கோயில், எந்த கேட் வழியாக வர வேண்டும் என்பது. பீகார், ஒடிசா பையன்கள் வேலை செய்தால் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். பிறகு எல்லாரையும் நிற்கவைத்து, மேனேஜர் முன்னாலேயே சொல்லுங்கள்: "யார் வேணும்னாலும் கூப்பிடலாம். தேவையில்லாம கூப்பிட்டுட்டேன்னு யாரையும் நான் திட்டமாட்டேன்."