காரணம் சொல்ல முடிந்த விதிகள்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அலுவலகத்தின் ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, நிரலில் பிழை தேடும் கருவியான ஈஎஸ்லின்டுக்கு ஒரு கான்ஃபிக்கை அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதைச் சின்ன வேலையாக எண்ணிவிடாதே. உன்னோடு வேலை செய்பவர்கள் தினமும் எழுதும் ஒவ்வொரு வரியும் நீ வைக்கும் விதிகளைக் கடந்துதான் போகும்.

1978-இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்கு லின்ட் எழுதியது, கம்பைலர் கண்டுகொள்ளாத பிழைகளைப் பிடிக்கத்தான். 2002-இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லின்ட் வந்தது. அதில் பெரும்பாலும் அவர் வைத்ததே சட்டம். 2013-இல் நிக்கோலஸ் ஜகாஸ் தொடங்கிய ஈஎஸ்லின்டில்தான் எந்த விதியையும் தனியாகச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. அந்தச் சுதந்திரத்தோடு பொறுப்பும் நம் கைக்கு வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ‘இது எந்தப் பிழையைத் தடுக்கிறது?’ என்று கேள்.

இரட்டைச் சமக்குறிக்கு (==) தடை போடு. அதன் கணக்கில் பூஜ்யமும் வெற்றுச் சரமும் சமம். அறிவிக்காத மாறியையும் பயன்படாத மாறியையும் பிடி. உள்தள்ளல், மேற்கோள்குறி, அரைப்புள்ளிச் சண்டைகளை வடிவமைப்புக் கருவியான பிரிட்டியரிடம் விட்டுவிடு. அத்தகைய வடிவ விதிகளை ஈஎஸ்லின்டே 2023-இல் கைவிடத் தொடங்கியது.

விதி மீறலுக்கு எச்சரிக்கை என்ற இடைநிலை வேண்டாம். மஞ்சள் வரிகள் நூறு சேர்ந்தால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். விதி முக்கியமென்றால் பிழையாக்கு, இல்லையென்றால் எடுத்துவிடு.

கான்ஃபிக்கை ஒவ்வொரு ரெப்போவிலும் காப்பி அடிக்காமல் தனி என்பிஎம் பேக்கேஜாக வெளியிடு. 2024-இல் வந்த ஈஎஸ்லின்ட் 9-ஆம் பதிப்பிலிருந்து தட்டையான கான்ஃபிக் முறையே இயல்பு. உன் பேக்கேஜ் ஒரு வரிசையைத் தந்தால் போதும்; புராஜெக்ட்டுகள் அதை இறக்குமதி செய்து, தங்களுக்கு வேண்டிய மாற்றத்தை அடியில் சேர்த்துக்கொள்ளும். பின்னால் வருவதே செல்லும். புதிதாக ஒரு பிழை விதியைச் சேர்த்தால் முதன்மைப் பதிப்பு எண்ணை உயர்த்து. இல்லாவிட்டால், எதையும் மாற்றாத ஒருவரின் பில்டு மறுநாள் காலை காரணம் தெரியாமல் உடையும். அது அவருடைய நம்பிக்கையைக் கெடுக்கும்.

பழைய நிரலை ஒரே நாளில் திருத்தச் சொல்லாதே. தானாகத் திருத்தக்கூடியவற்றைத் தனி கமிட்டாகப் போடு. அதில் வேறு எந்த மாற்றமும் கலக்கக்கூடாது. மீதியை, ஈஎஸ்லின்டில் 2025-இல் வந்த மொத்த விலக்கு வசதியால் அப்படியே பதிவுசெய்து வை. புதிய மீறல்கள் மட்டும் தடுக்கப்படும். பழையவை மெல்லக் குறையும்.

யாராவது ஒரு வரிக்கு விதியை அணைத்தால் கோபப்படாதே. காரணத்தை அங்கேயே கமெண்டில் எழுதச் சொல். ஒரே விதியைப் பலரும் பல இடங்களில் அணைக்கிறார்கள் என்றால் குறை பெரும்பாலும் விதியில்தான். அதை மாற்றத் தயங்காதே.

முதல் பதிப்பை வெளியிடும் முன் குழுவில் எல்லோரையும் உட்காரவைத்து, மூத்தவர் இளையவர் பார்க்காமல், விதிகளை ஒவ்வொன்றாக விவாதி. உன்னால் காரணம் சொல்ல முடியாத விதியை அங்கேயே நீக்கு. அப்படி ஒப்புக்கொண்ட விதிகளைக் காக்க நீ காவல் நிற்க வேண்டியிருக்காது; அவர்களே காப்பார்கள்.

அன்புடன்,
அக்கா