வாசல் தாண்டும் மழைநீர்

குடும்பங்களுக்கான பாடம்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் நாம் முதலில் செய்வது என்ன? மண்வெட்டியை எடுத்து, வாசலில் தேங்கிய தண்ணீரைத் தெருவுக்கு வெட்டி விடுகிறோம். தெருவிலிருந்து அது சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஓடைக்கும் போய்ச் சேருகிறது. "அப்பாடா, தொல்லை விட்டது" என்று உள்ளே வருகிறோம். ஆறு மாதம் சென்று, சித்திரை வெயிலில், அதே வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்து நிற்கிறோம். ஐப்பசியில் விரட்டியதும் சித்திரையில் தேடுவதும் ஒரே தண்ணீர்தான் என்பதை அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த வாரப் பாடம் இதைப் பற்றியதே.

1. மழைநீர் அழுக்காவது எப்படி?

வானத்திலிருந்து விழும்போது மழைநீர் ஏறக்குறையச் சுத்தமானது. அதை அழுக்காக்குவது அது ஓடி வரும் வழி. மொட்டை மாடியில் பறவை எச்சமும் சருகும் கிடக்கின்றன. தெருவில் சாணி, குப்பை, மோட்டார் வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய் எல்லாம் கிடக்கின்றன. மழை இவற்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறது. வெகுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, அதிலும் முதல் சில நிமிடங்களில் ஓடும் தண்ணீர், எல்லாவற்றிலும் மோசமானது.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு மண்ணையும் அழுக்கையும் அரித்துக்கொண்டு போகும். நிதானமாக நடந்தால் சேறு அடியில் தங்கும்; மண்ணுக்குள் இறங்கினால் மண்ணே வடிகட்டியாகி அழுக்கின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். முன்னே மண் வாசலும் மண் தெருவும் இந்த வேலையைத் தாமே செய்தன. இப்போது வாசலுக்குச் சிமெண்டு, தெருவுக்குச் சிமெண்டு. கால் சேறாவதில்லை, உண்மைதான். ஆனால் தண்ணீர் இறங்க இடமில்லாமல், அழுக்கை வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அது போய்ச் சேரும் ஏரியும் ஆறும் யாருடையவை? நம்முடையவையும், நமக்குக் கீழே வசிக்கிறவர்களுடையவையுமே. நம் பக்கத்துக் கெடிலம் கடலூர் போய்த்தான் கடலில் கலக்கிறது. இடையில் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்கள் எத்தனை!

2. சென்னை கற்பித்த பாடம்

2003ஆம் ஆண்டில், கடும் வறட்சியின்போது, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தால் கட்டாயமாக்கியது. மக்களும் குழி எடுத்தார்கள். பின்னர் நல்ல மழை பெய்தபோது, சென்னையில் பல தெருக்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்டார்கள். ஆனால் நாளடைவில் அநேக வீடுகளில் குழி தூர்ந்தது, மணல் அடைத்தது, சில இடங்களில் அதன்மேலேயே சிமெண்டும் பூசியாயிற்று. மழைநீருக்கென்று போட்ட கால்வாய்களில் கழிவுநீரையும் திருப்பி விட்டார்கள்.

2015 டிசம்பரில் அதே சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகூட நிறையாமல், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அந்த ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 தொட்டி வண்டிகள். மொத்தம் 25 இலட்சம் லிட்டர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர், அதாவது 60 குடத்துக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அப்படிப்பட்ட 2,700 வீடுகளின் கூரைகளில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே, அது ஒரு ரயில் தண்ணீர்! நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. சிந்தியதும் ஆவியானதும் போக, அத்தகைய வீடு ஒன்றுக்கு 70,000 லிட்டராவது மிஞ்சும்.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், சட்டம் குழி எடுக்கச் சொல்லலாம்; அதைத் தூர் வாருவது வீட்டாரின் வேலை. அது நின்றால் சட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

3. அழுக்கு ஆறு குடிநீரான கதை

நம்மவர் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். அதன் நடுவே ஓடும் ஆறு ஒரு காலத்தில் நாற்றமெடுத்த சாக்கடையாக இருந்தது. 1977இல் அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள். தெருக்கடைக்காரர்களுக்கு வடிகால் வசதியுள்ள இடம் கட்டிக் கொடுத்தார்கள். கழிவுநீர் வேறு, மழைநீர் வேறு என்று வழிகளைப் பிரித்தார்கள். வேலை முடியப் பத்து ஆண்டு ஆயிற்று. பிறகு 2008இல் முகத்துவாரத்தில் மரீனா தடுப்பணை திறக்கப்பட்டது. இன்று நகரத் தெருக்களில் பெய்யும் மழையே அந்த நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. கழிவைக் கலக்காமல் காத்ததுதான் முதற்படி. அணை அதற்குப் பின்பே வந்தது.

4. நம் வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, புரட்டாசியிலேயே மொட்டை மாடியையும் ஓட்டையும் கூட்டிச் சுத்தம் செய்க. முதல் மழைத் தண்ணீரைச் சேகரிக்காமல் தோட்டத்தில் விட்டுவிடுக.

இரண்டாவது, கூரைத் தண்ணீர் இறங்க ஓர் உறிஞ்சு குழி எடுக்கவும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம் போதும். அடியில் ஜல்லி, அதன்மேல் கூழாங்கல், மேலே பருமணல் போடுக. அஸ்திவாரத்திலிருந்தும் கக்கூஸ் தொட்டியிலிருந்தும் தள்ளியே குழி இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடவும்.

மூன்றாவது, கிணறு உள்ளவர்கள் கூரைத் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக அதில் விடலாம். தெருத் தண்ணீரை ஒருநாளும் கிணற்றில் விடலாகாது. தொட்டியில் சேர்த்த தண்ணீரைக் கொசு புகாமல் மூடி வைக்கவும். குடிப்பதானால் காய்ச்சிக் குடிக்கவும்.

நான்காவது, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விடுக. மழைநீர்க் கால்வாயில் விடாதீர். குப்பையையும் பழைய எண்ணெயையும் அதில் கொட்டாதீர். நாம் கொட்டியது அடுத்த மழையில் ஏரிக்குப் போகும்.

"நான் ஒருவன் செய்தால் ஏரி நிறைந்துவிடுமா?" என்று கேட்பவர் உண்டு. நிறையாதுதான். ஆனால் ஏரியைக் கெடுத்ததும் ஒருவர் அல்லவே. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த்தான் அது கெட்டது. ஆகவே சீர்ப்படுவதும் ஒவ்வொரு வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5. பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை

அடுத்த மழைக்கு இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியதும் கூரையிலிருந்து விழும் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். அரை மணி நேரம் சென்றபின் மற்றதில் பிடியுங்கள். இரவு முழுதும் அசையாமல் வைத்து, காலையில் அடியில் தங்கியதைப் பாருங்கள். முதல் தண்ணீரை ஏன் விலக்குகிறோம் என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் தெளிவாய்த் தெரிவதெல்லாம் குடிக்கத் தக்கதன்று என்பதையும் பெற்றோர் சொல்லிக் கொடுக்கவும்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வாசலில் ஓடும் மழைநீர் எங்கே போய்ச் சேருகிறது? நடந்து போய்ப் பார்த்ததுண்டா?

2. நம் வீட்டில் மழைநீர்க் குழி இருக்கிறதா? கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தோம்?

3. நம் தெருக் கால்வாயில் கழிவுநீர் கலக்கும் இடம் எது? அண்டை வீட்டாரோடு சேர்ந்து அதற்கு என்ன செய்யலாம்?

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும்போது, வாசலில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். மழைத் தண்ணீர் இறங்க ஒரு முழம் மண்ணாவது மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால், இந்த வாரமே அதற்கு இடம் பண்ணுங்கள்.