பெங்களூரிலிருந்து சென்னைக்கு வீடு மாறுகிறீர்களா?

புறநகரில் வீடு பார்க்கும்போது வாடகையை அப்புறம் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று முதலில் பக்கத்து மளிகைக் கடையில் விசாரியுங்கள். புரோக்கர் வாய் திறக்க மாட்டார்! அடையாறு பொங்கி, தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு ஊரறிந்தது. காம்பவுண்டுச் சுவரில் பழைய நீர்க்கறை தெரிகிறதா, கோடையில் லாரித் தண்ணீர்தானா என்றும் பாருங்கள்.

வேலை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ என்றால், தாம்பரத்தோடு காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரையும் கணக்கில் சேர்க்கலாம்.

அட்வான்ஸ் பத்து மாதமா? வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், தைரியமாகப் பேசுங்கள்.

கர்நாடகப் பதிவெண் வண்டியை 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். கிளம்புமுன் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்கிவிடுங்கள்.