புலிக்கு ஒரு காலம், ஆட்டுக்கும் ஒரு காலம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விளையாட்டு என்றால் வெற்றியும் தோல்வியும் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே பக்கம் ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தால் அது விளையாட்டாகுமா? தோற்பவள் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போவாள். வென்றவளுக்கும் அதன்பின் ஆட ஆள் இராது. ஆகவே வலுவற்ற பக்கத்துக்கு வலுவூட்டப் பல வீடுகளில் தனியாகச் சில விதிகளை வகுத்துக்கொள்கிறார்கள். இவற்றை வீட்டு விதிகள் எனலாம். எந்த விதி ஆட்டத்தை வாழவைக்கும், எந்த விதி கெடுக்கும் என்பதை நாம் அனைவரும் அறிந்த ஆடுபுலி ஆட்டத்தைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

களமும் காய்களும்

உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் மலைபோல் விரிந்து இறங்கும். மூன்று குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டும். குறுக்குக் கோடுகளின் முனைகளை இருபுறமும் இணைத்தால் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். மலையின் நான்கு கால்களையும் அடிக்கோடு சேர்க்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4. ஆக மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. திண்ணையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் வைத்தால் போதும். புளிக்குப் பேர்போன நம் தருமபுரியில் ஆடுகளுக்குப் பஞ்சமே இல்லை!

புலிகள் தொடக்கத்திலேயே களத்தில் நிற்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ தன் முறை வரும்போதெல்லாம் நகரலாம். பக்கத்து ஆட்டுக்கு நேர் பின்னே இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். எல்லாப் புலிகளையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்னும் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.

வலுவின்மை எங்கே இருக்கிறது?

ஆடு எப்போதும் வலுவற்றதா? இல்லை. பதினைந்து ஆடுகளும் இழப்பின்றி இறங்கிவிட்டால் களத்தில் காலியிடம் ஐந்தே ஐந்து. அப்போது திணறுவது புலிதான். நேப்பாள நாட்டில் பாக் சால் என்று இதற்கு உறவான ஓர் ஆட்டம் உண்டு. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் அறிஞர்கள் அதைக் கணிப்பொறியால் ஆராய்ந்தனர். இருபக்கமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இன்றிச் சமமாகவே முடியும் என்று அவர்கள் கண்ட முடிவு 2009-ஆம் ஆண்டு நூலில் வெளிவந்தது.

நம் ஆட்டத்திலும் ஆட்டின் குறை அதன் பிறவிக்குறை அன்று. தொடக்கக் குறையே ஆகும். துணையின்றி நிற்கும் முதல் சில ஆடுகளைத்தான் புலி எளிதில் வெட்டுகிறது. புதிதாக ஆடுகிறவள் அங்கேதான் தோற்றுப்போகிறாள்.

கடல் கடந்த ஓர் உவமை

இதே சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் 1974-இல் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்று ஆடுவார்கள். மந்திரம் என்றதும் நம் அருட்சகோதரிகள் திடுக்கிட வேண்டாம். இது அம்புலிமாமாக் கதையில் வருவது போன்ற மந்திரமே!

1978-இல் வந்த விதிநூலின்படி, வீரனின் உயிர்வலுவைப் பத்துமுகப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடைதான். முதற்படி மந்திரவாதி ஒரு நாளைக்கு ஒரே மந்திரம் சொல்லலாம். சொன்னதும் அது மறந்துவிடும். பிறகு நாள் முழுதும் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ஆனால் ஐந்தாம் படிக்கு வந்தால் பகைவர் கூட்டத்தையே எரிக்கும் தீப்பந்தை வீசுவார். அவரும் நம் ஆட்டைப் போலத் தொடக்கத்தில் நலிந்து, பின்னர் ஓங்குபவரே.

பலர் தத்தம் வீடுகளில் அவருக்கு வலுவூட்டும் விதிகளை வகுத்தனர். பெரிய மந்திரங்களையே கூடுதலாகக் கொடுத்தால், பிற்பகுதியில் வீரனுக்கு வேலையே இராது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, சிறு மந்திரங்களை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வைத்தது. பகடையும் ஆறுமுகமாயிற்று. இதனால் முதற்படியிலும் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது.

நாங்கள் வகுத்த விதிகள்

இதை மனத்தில் கொண்டு, எங்கள் வகுப்பு மாணவியர் மதிய இடைவேளைகளில் சில விதிகளை ஆடிப் பார்த்தோம்.

1. ஆடுகளை 18 ஆக்குதல்: புலியையும் சேர்த்தால் 21 இடங்கள் நிரம்பும், காலியிடம் இரண்டே. புலி மூச்சுவிட முடியாது. இது கூடாது.

2. ஆடும் புலியை வெட்டலாம் என்பது: பிறகு ஆடு எது, புலி எது? ஆட்டமே வேறாகிவிடும். இதுவும் கூடாது.

3. முதல் நான்கு ஆடுகள் இறங்கும்வரை புலி நகரலாம், வெட்டக் கூடாது என்பது: இது நல்ல விதி. ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க நேரம் கிடைக்கும். அதன்பின் புலிக்கு எந்தத் தடையும் இல்லை.

4. புலி ஒரு முறைக்கு ஒரு பாய்ச்சல்தான் பாயலாம் என்பது: இதுவும் நல்லது. ஒரு தவறுக்கு ஓர் ஆடுதான் போகும், மந்தையே போகாது.

விதி வகுப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று. விதியை ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிக்க வேண்டும். தோற்கும்போது சொல்லும் விதி அழுகுணி ஆட்டம். ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் எதனால் என்ன விளைந்தது என்று தெரியும். விதியைச் சொன்னவள் அடுத்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் அமர வேண்டும். நியாயமான விதியானால் அங்கிருந்தும் அது நியாயமாகவே தோன்றும்.

முடிவுரை

பென்னாகரம், அரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் தங்கைகள் முதல் மாதத்தில் வாய் திறக்கவே அஞ்சுகிறார்கள். அவர்களுக்காக விடைகளை நாமே எழுதிக் கொடுத்தால் அது பதினெட்டு ஆடுகளைக் கொடுப்பது போன்றது. பக்கத்தில் ஒரு தோழியை அமர்த்தி, முதல் சில வாரங்கள் பிழைகளைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும். அதன்பின் அவர்கள் நம்மையே முந்துவார்கள். அன்புத் தோழியரே, அன்று புலிகளாகிய நாம்தாம் சற்று விழிப்பாக இருக்க வேண்டும்!