அருந்ததி எங்கே போனாள்?

மேற்குத் தாம்பரத்தில், தை மாத முகூர்த்தம் ஒன்று. அம்மி மிதித்ததும், மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்து வந்தார் வாத்தியார். வடக்கே கை நீட்டி, ‘‘அருந்ததி தெரியறதா?’’ என்று கேட்டார். காலை ஒன்பது மணி வெயில்! மணப்பெண் சிரித்துக்கொண்டே, ‘‘தெரியறது மாமா’’ என்று தலையாட்டினாள்.

அத்துடன் அவள் விடவில்லை. அன்று இரவு எட்டு மணிக்கு, மாப்பிள்ளையுடன் மொட்டைமாடிக்குப் போய் நிஜமாகவே தேடினாள். அருந்ததி இருக்கட்டும்... சப்த ரிஷி மண்டலமே அகப்படவில்லை! கீழே வந்து சொன்னதும், மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர், ‘‘அருந்ததி தெரியலைன்னா நல்லதில்லைன்னு எங்க காலத்துல சொல்லுவா’’ என்று மெள்ள முணுமுணுத்தார். பெண்ணைப் பெற்றவளின் கண்கள் கலங்கிவிட்டன.

அந்தத் தாயிடம் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். குறை பெண்ணின் கண்ணிலும் இல்லை. அவள் ஜாதகத்திலும் இல்லை. தை மாதம் இரவு எட்டு மணிக்கு, நம் ஊரில் அருந்ததி உதித்திருக்கவே மாட்டாள்!

குடை சொல்லும் பாடம்

பூமி தன்னைத்தானே சுற்றுவதால், நட்சத்திரங்கள் கிழக்கே உதித்து மேற்கே மறைவதாக நமக்குத் தெரிகிறது. பூமியின் அச்சை வடக்கே நீட்டினால் வானத்தில் ஓர் இடத்தைத் தொடும் அல்லவா? அதற்கு ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதுதான் துருவ நட்சத்திரம். அதனால்தான், மற்றவை எல்லாம் சுற்றி வர, துருவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கறுப்புக் குடை போதும். உட்புறம், நடுக்கம்பிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். குடையின் ஓரத்தில் இன்னொரு புள்ளி. மேஜைக்கு அந்தப் பக்கம் உங்கள் மகனையோ மகளையோ நிற்கவைத்து, குடையின் உட்புறம் உங்களைப் பார்க்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். நடுக்கம்பி, மேஜை விளிம்புக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். இப்போது குடையைச் சுழற்றினால்... ஓரத்துப் புள்ளி மேஜைக்குக் கீழே மறைந்து, மீண்டும் மேலே வரும். நடுவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும் புள்ளியோ மறைவதே இல்லை!

நடுக்கம்பிதான் துருவன், மேஜை விளிம்பு, தொடுவானம். அந்த ‘ஒரு சாண்’ எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். தாம்பரம் இருப்பது சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில். ஆகவே, இங்கே துருவன் தெரிவதும் தொடுவானத்துக்கு 13 டிகிரி மேலேதான். அவனைச் சுற்றி 13 டிகிரிக்குள் இருக்கும் நட்சத்திரங்களே நமக்கு என்றும் மறையாதவை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் பளிச்சென்று தெரிவது துருவன் ஒருவன்தான்.

அருந்ததி, துருவனிலிருந்து சுமார் 35 டிகிரி தள்ளி இருக்கிறாள். அதனால், தினமும் உதித்து மறைந்தே ஆகவேண்டும். அதோடு, பூமி சூரியனைச் சுற்றி வருவதால், எந்த நட்சத்திரமும் நாளுக்கு நாலு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உதிக்கும். எனவே, வருடத்தில் சில மாதங்கள் அருந்ததியின் பயணம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடுகிறது.

லண்டனில் மகள் இருக்கிறாளா? அங்கே துருவன் 51 டிகிரி உயரத்தில் இருப்பதால், சப்த ரிஷிகள் எழுவரும் அருந்ததியும் மறைவதே கிடையாது. சிங்கப்பூரிலோ, துருவனே தொடுவானத்தை ஒட்டிக் கிடப்பதால் கண்ணில் படுவது அரிது.

வாத்தியார் காட்டியது பொய்யல்ல!

இன்னொரு விஷயம்... அன்று காலை ஒன்பது மணிக்கு வாத்தியார் கை நீட்டினாரே, அப்போது அருந்ததி வடமேற்கு வானில் இருக்கவே செய்தாள்! வெயில்தான் அவளை மறைத்திருந்தது. நடுப்பகலில் மறைந்தவள், இரவு பத்து மணி சுமாருக்குத்தான் மறுபடி உதித்திருப்பாள்.

ஆபஸ்தம்பர், ஆச்வலாயனர் முதலானோரின் கிருஹ்ய சூத்திரங்கள், இந்தத் தரிசனத்தை இரவில், நட்சத்திரங்கள் தெரியும் வேளையில்தான் சொல்கின்றன. அருந்ததியோடு துருவனையும் மணமகளுக்குக் காட்டச் சொல்கின்றன. சிற்றன்னையின் சொல்லால் மனம் நொந்த ஐந்து வயதுப் பிள்ளை, தவமிருந்து திருமாலிடம் பெற்ற அசையாத இடம் அல்லவா அது! களத்து நடுக்கம்பத்தைச் சுற்றிவரும் மாடுகளைப் போல நட்சத்திரங்கள் துருவனைச் சுற்றுவதாகச் சொல்கிறது ஸ்ரீமத் பாகவதம்.

நீங்களும் தரிசிக்கலாம்

சித்திரை முதல் ஆடி வரை, முன்னிரவில் வடக்கு வானில் சப்த ரிஷிகளைக் காணலாம். வால் போன்ற மூன்று நட்சத்திரங்களில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக மின்னுபவளே அருந்ததி. வாலுக்கு எதிர்க்கோடியில் இருக்கும் புலஹர், கிரது இருவரையும் இணைத்து, புலஹரிலிருந்து கிரது வழியாக அந்தக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால், துருவன்!

கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். தொடுவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி, அதற்கு மேல் இரண்டு விரல்... இதுதான் தாம்பரத்தில் துருவனின் உயரம். எதிரே அடுக்குமாடிக் கட்டடமோ, நகர வெளிச்சமோ இருந்தால் தெரியாது. இருட்டான இடம் தேடிப் போங்கள். வசிஷ்டர் நன்றாகத் தெரிந்தும் அருந்ததி தெரியாவிட்டால், கலங்கவேண்டாம். கண் மருத்துவரைப் பாருங்கள்!

அந்த மணப்பெண், வைகாசியில் ஓர் இரவு தன் அம்மாவுக்கு போன் செய்தாளாம். ‘‘அம்மா, ரெண்டு பேரையும் பார்த்துட்டேன். பாட்டிக்கும் காட்டினேன்!’’

கண்ணுக்குத் தெரியாத நாளிலும் அருந்ததி வசிஷ்டரின் பக்கத்தில்தான் இருக்கிறாள். மணமகளுக்கு அவளைக் காட்டும்போது, இதையும் சேர்த்துச் சொல்லுங்களேன்!