மூளையை ஏமாற்றும் பொருள்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு இரவு ஷிப்டு செல்வோர் வழியில் தேநீர்க் கடையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தேநீரோடு நிறுத்திக்கொள்வார். மற்றொருவர் கூடவே ஒரு சிகரெட்டும் பற்ற வைப்பார். தேநீரில் உள்ளது காஃபீன். புகையிலையில் உள்ளது நிகோடின். இரண்டும் ஊக்கிகளே. இவை மூளையில் என்ன செய்கின்றன?

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஒன்று சுரக்கும் வேதிப்பொருள், இடைவெளியைக் கடந்து அடுத்ததன் மேலுள்ள ஏற்பிகளில், பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. செய்தி சென்று சேர்கிறது.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேருகிறது. அது தன் ஏற்பிகளில் பொருந்தினால் தூக்கம் வரும். காஃபீன் அந்தப் பூட்டை அடைத்துக்கொள்கிறது, திறப்பதில்லை. களைப்பு தீரவில்லை, களைப்புச் செய்திதான் தடைப்படுகிறது!

நிகோடினோ கள்ளச் சாவி. அசிட்டைல்கோலின் என்ற இயற்கைப் பொருளுக்குரிய பூட்டுகளை அது திறந்துவிடுகிறது. உடனே டோபமின் மிகுதியாகச் சுரக்கிறது. பசித்தபோது உண்ணுதல் போன்ற பயனுள்ள செயல்களை "மீண்டும் செய்" என்று மூளைக்குக் கற்பிப்பது டோபமின். புகையை இழுத்த 20 விநாடிகளுக்குள் இந்தத் தவறான பாடம் தொடங்கிவிடுகிறது. கொக்கேய்ன், ஆம்பெட்டமைன் போன்றவை டோபமினை இன்னும் பன்மடங்கு பெருக்குகின்றன.

மூளையும் இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நிகோடின் பழகப் பழக அதன் ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடுகின்றன. அவை காலியாக இருக்கும்போது எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றும். இன்பத்துக்காகப் புகைக்கத் தொடங்கியவர், பின்னர் இத்துன்பத்தைத் தணிக்கவே புகைக்கிறார். இதுவே அடிமை நிலை. நாள்தோறும் பலமுறை தேநீர் அருந்துபவருக்கு ஒரு நாள் அது கிடைக்காவிட்டால் தலைவலிக்கிறதே, அதுவும் இத்தகையதே.

ஆசையை அடக்கும் முன்மூளைப் பகுதி 20 வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. ஆகவே உங்கள் வயதில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றும். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கன்னத்தில் அடக்கும் குட்கா, மாவா ஆகியவற்றில் இருப்பதும் இதே நிகோடின்தான்.

ஆனால், மாறிய மூளை மீண்டும் மாறும். பழக்கத்தை விட்டால், கூடிய ஏற்பிகள் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண் உதவும். முதல் சில நாட்களே மிகக் கடினம். வீட்டில் புகையை விட முயலும் அப்பாவோ மாமாவோ அப்போது எரிந்து விழுந்தால் மனம் வருந்தாதீர்கள். அது அவர் குணமன்று. காலியான பூட்டுகள் செய்யும் வேலை!